வலிய அலுமினியக் குழாயை வளைப்பது எப்படி?

அலுமினியம் என்றவுடன் சமையலறைப் பாத்திரமே நம் நினைவுக்கு வரும். கீழே விழுந்தால் நசுங்கும், தட்டிச் சரிசெய்துவிடலாம். விமானத்தின் சட்டங்களில் அமையும் அலுமினியமோ அவ்வளவு இணக்கமானதன்று. 7075 என்னும் எண்ணால் வழங்கும் உலோகக் கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 5.6 பங்கு துத்தநாகமும், 2.5 பங்கு மக்னீசியமும், 1.6 பங்கு செம்பும் உள்ளன. இது மென்னெஃகைவிட வலியது. எடையோ எஃகின் மூன்றிலொரு பங்குதான். ஆனால் இக்கலவையாலான குழாயைக் குளிர்ந்த நிலையில் கூர்மையாக வளைத்தால் விரிசல் கண்டுவிடும்.

அப்படியானால் காய்ச்சி வளைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொல்லர் இரும்பை அவ்வாறுதானே வளைக்கிறார்! இங்கேதான் சிக்கல் இருக்கிறது.

1906-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்பவர், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்தார். சில நாட்கள் கழித்து அளந்தபோது, வாளா கிடந்த அவ்வுலோகம் முன்னிலும் கடினமாகியிருந்தது! உயர்ந்த சூட்டில், வெந்நீரில் சர்க்கரை கரைவதுபோல், சேர்த்த உலோகங்கள் அலுமினியத்தில் கரைகின்றன. விரைந்து குளிர்வித்தால் அவை பிரிய வழியின்றிச் சிறைப்படுகின்றன. பின்னர் மெல்ல மெல்ல, சாதாரண நுண்பெருக்கிக்கும் புலப்படாத சிறு துகள்களாகத் திரண்டு, உலோகத்தின் அணு அடுக்குகள் வழுக்கி நகர்வதைத் தடுக்கின்றன. அத்தடையே வலிமை. மீண்டும் காய்ச்சினால் துகள்கள் பருத்தோ கரைந்தோ போகும். வலிமையும் உடன் போகும்.

சரி, முதலில் வளைத்துவிட்டுப் பிறகு காய்ச்சி நீரில் தோய்த்தால்? மெல்லிய குழாய் கோணிக்கொள்ளும்.

ஆகவே பொறியியலார் இரு வேலைகளையும் ஒன்றாக்கினர். குழாயை ஏறத்தாழ 470 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேற்றுகிறார்கள். அந்தச் சூட்டிலும் அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து காட்டாது. கண்ணை நம்பிப் பயனில்லை, வெப்பமானியே துணை. பின் குழாயை எஃகு அச்சில் இட்டு, இரு முனைகளையும் அடைத்து, உள்ளே காற்றையோ நைட்ரஜனையோ மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். புட்டி செய்பவர் கண்ணாடியை அச்சுக்குள் ஊதுவது போலவே குழாய் உப்பி அச்சின் வடிவைப் பெறுகிறது. அச்சுக்குள் தண்ணீர் ஓடுவதால் குழாய் அங்கேயே குளிர்ந்தும் விடுகிறது. அச்சின் பிடியில் இருப்பதால் கோணுவதற்கு இடமில்லை.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. குளிர்விக்க அச்சு குளிர்ந்திருக்கவேண்டும். ஆனால் குழாயில் அச்சை முதலில் தொட்ட பகுதி உடனே இறுகி, மேலும் விரிய மறுக்கும். எஞ்சிய மூலைகள் மட்டுமே நீண்டு மெலியும், சில வேளை கிழிந்தும் போகும். மூலைகளுக்கு அஞ்சி அச்சைச் சூடாக வைத்தால் மற்றொரு கேடு: 400 டிகிரிக்கும் 290 டிகிரிக்கும் இடையே குளிர்ச்சி தாமதப்பட, கரைந்த துத்தநாகமும் மக்னீசியமும் பருத்த துகள்களாகப் பிரிந்துவிடும். பார்வைக்கு அக்குழாய் குறையற்றதாகவே தோன்றும். வலிமை மட்டும் இராது. எனவேதான் உலையிலிருந்து எடுத்து அச்சை மூடி ஊதி முடிக்கும் வரை ஒவ்வொரு விநாடியையும் எண்ணிச் செயற்படுகிறார்கள்.

அச்சைவிட்டு வந்த குழாய் உடனே முழு வலிமை பெறுவதில்லை. 120 டிகிரிச் சூட்டில் ஏறத்தாழ 24 மணி நேரம் வைத்திருந்த பின்னரே அது சட்டத்தில் பொருத்தத் தகுதி பெறுகிறது.