கல்வராயன் மலை முதல் வெள்ளாற்றுக் கழிமுகம் வரை

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இங்குப் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா, வசிஷ்ட நதி ஆகிய ஆறுகளாக இறங்குகிறது. இவை யாவும் வெள்ளாற்றின் வழியே கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை அருகே வங்கக்கடலை அடைகின்றன. எனவே மலையின் நீர்வளம் குறைந்தால் கடற்கரை ஊர்களின் குடிநீரும் பாதிக்கப்படும்.

ஆறுகளின் பாதை

கச்சிராயபாளையம் அருகே கோமுகி ஆற்றின் குறுக்கே 46 அடி உயர நீர்மட்டம் கொண்ட அணை உள்ளது. அதைக் கடந்து கள்ளக்குறிச்சி வழியாக ஓடும் கோமுகி, பின்னர் மணிமுக்தாவில் சேர்கிறது. விருத்தாசலத்தைக் கடந்து வரும் மணிமுக்தா, கூடலையாற்றூரில் வெள்ளாற்றுடன் கலக்கிறது. அதற்குக் கீழே சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு பாசனத்துக்கு நீரைத் திருப்புகிறது.

இவை மழையை நம்பிய ஆறுகள். வடகிழக்குப் பருவமழையில் பெருக்கெடுத்து ஓடும். கோடையில் மணலாகக் கிடக்கும்.

உவர்நீர் ஏறுவது எப்படி?

கடல்நீர் நன்னீரைவிட அடர்த்தி மிகுந்தது. ஆற்றில் நீரோட்டம் குறையும்போது, ஓதத்தின் வேகத்தில் கடல்நீர் ஆற்றின் அடிப்பகுதி வழியாக உள்ளே ஏறுகிறது. நிலத்தடியிலும் இதுவே நிகழ்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆழ்துளைக் கிணறுகளால் அந்த 1 அடியை இழந்தால், அடியிலுள்ள உவர்நீர் 40 அடி மேலேறும். ஆற்றுமணலை அளவுக்கு மீறி அள்ளினால் மழைநீர் ஊறித் தங்கும் இடமும் குறைகிறது. ஒருமுறை உவர்ப்பேறிய கிணறு மீண்டும் நன்னீராக மாறப் பல ஆண்டுகள் ஆகலாம்.

கழிமுகமும் அலையாத்திக் காடும்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. நன்னீர் வரத்து குறைந்தால் உப்பை மிகுதியாகத் தாங்கும் வெண்கண்டல் போன்ற மரங்கள் நிலைக்கும். மற்ற இனங்கள் குறையும். இறால் வகைகள் பல கடலில் முட்டையிட்டாலும் அவற்றின் குஞ்சுகள் கழிமுகத்தில்தான் வளர்கின்றன. ஆகவே கழிமுகம் கெட்டால் மீனவரின் வருவாயும் குறையும். 2004 ஆழிப்பேரலையின்போது இக்காடு தன் பின்னிருந்த ஊர்களுக்கு ஓரளவு அரணாக நின்றது.

"வீணாகக் கடலில் கலக்கிறது" என்பது சரியா?

வெள்ளக் காலத்தில் இப்படிச் சொல்வது வழக்கம். வெள்ளநீரை ஏரிகளில் தேக்குவது தேவைதான். ஆனால் கடலை அடையும் நீர் முழுவதும் வீண் அன்று. அது உவர்நீரைத் தள்ளி நிறுத்துகிறது, வண்டலைக் கொண்டுவருகிறது, முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைக்காமல் காக்கிறது.

மலைக்காட்டைக் காப்பது, ஏரிகளைத் தூர்வாருவது, மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்துவது, நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்த பின்பே ஆற்றில் விடுவது ஆகியவை இவ்வடிநிலத்துக்கு உடனடித் தேவைகள். அணைநீரைப் பங்கிடும்போது பாசனத்துக்கும் குடிநீருக்கும் அடுத்து, கழிமுகத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும்.