வன்பொருள் அடையாளக் குறியீடு

வன்பொருள் அடையாளக் குறியீடு என்பது கணினியுடன் இணைக்கப்படும் ஒரு சாதனத்தை இயங்குதளம் அறிந்துகொள்ள உதவும் எண் அல்லது பெயர் ஆகும். இதனைக் கொண்டே அச்சாதனத்திற்குரிய இயக்கி மென்பொருள் தேர்ந்தெடுக்கப்படுகிறது. சாதனத்தின் மீது அச்சிடப்பட்டுள்ள வணிகப் பெயருக்கு இத்தேர்வில் பங்கில்லை. ஒரே வணிகப் பெயரில் விற்கப்படும் இரு சாதனங்களில் வெவ்வேறு சில்லுகள் இருப்பின், அவற்றுக்கு வெவ்வேறு இயக்கிகள் தேவைப்படும்.

பின்னணி

1981 இல் வெளியான ஐ.பி.எம் தனியாள் கணினியில் செருகப்பட்ட அட்டைகளுக்கு இத்தகைய குறியீடு இருக்கவில்லை. பயனரே அட்டையிலுள்ள ஜம்பர்களை மாற்றி அமைத்து, அவ்விவரங்களை மென்பொருளுக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த பி.சி.ஐ (1992), யூ.எஸ்.பி (1996) ஆகிய தரங்களில் ஒவ்வொரு சாதனமும் தன் அடையாளத்தைத் தானே தெரிவிக்கிறது.

எண்களின் அமைப்பு

இவ்விரு தரங்களிலும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என இரு எண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 16 பிட் நீளமுடையது. பதினறும முறையில் நான்கு இலக்கங்களாக எழுதப்படும். தயாரிப்பாளர் எண்ணை அத்தரத்தைப் பேணும் அமைப்பு வழங்குகிறது. சாதன எண்ணை நிறுவனமே தீர்மானிக்கிறது. பி.சி.ஐ தரத்தில் இன்டெல் நிறுவனத்தின் எண் 8086 ஆகும். அந்நிறுவனம் 1978 இல் வெளியிட்ட நுண்செயலியின் பெயரும் இதுவே.

இவற்றுடன் சாதனத்தின் வகையைக் குறிக்கும் வகுப்பு எண்ணும் உண்டு. யூ.எஸ்.பி தரத்தில் 03 என்பது விசைப்பலகை, சுட்டி போன்றவற்றையும் 08 என்பது சேமிப்புச் சாதனங்களையும் குறிக்கும். பல நிறுவனங்களின் பென் டிரைவ்களும் ஒரே பொது இயக்கியால் இயங்குவதற்கு இவ்வகுப்பு எண்ணே காரணம்.

பொருத்தும் முறை

விண்டோஸ் இயங்குதளத்தில், இயக்கியுடன் வரும் ஐ.என்.எஃப் கோப்பில் அது ஏற்கும் குறியீடுகள் பட்டியலிடப்பட்டிருக்கும். குறிப்பிட்ட சாதனத்துக்கே உரிய குறியீட்டுடன் பொருந்தும் இயக்கிக்கு முன்னுரிமை தரப்படும். அஃது இல்லையெனில் பொதுவான குறியீட்டுடன் பொருந்துவது தேர்வாகும். லினக்ஸில், ஒவ்வோர் இயக்கியும் தான் ஏற்கும் எண்களின் அட்டவணையைத் தன்னுள் கொண்டுள்ளது. சாதனம் செருகப்பட்டவுடன் லினக்ஸ் கரு அதன் எண்களைக் கோத்து ஒரு சரமாக அறிவிக்கும். அச்சரத்துடன் பொருந்தும் இயக்கி நினைவகத்தில் ஏற்றப்படும்.

ராஸ்பெரி பை போன்ற பலகைகளில் உள்ள பல சில்லுகளால் தம்மைத் தாமே அறிவிக்க இயலாது. அவற்றின் பெயர்கள் 'சாதன மரம்' எனப்படும் கோப்பில், தயாரிப்பாளர் பெயர், ஒரு காற்புள்ளி, மாதிரிப் பெயர் என்ற வரிசையில் எழுதப்படுகின்றன.

நம்பகத்தன்மை

சாதனம் கூறும் எண் உண்மையானதா என்பதை இம்முறை சோதிப்பதில்லை. எஃப்.டி.டி.ஐ நிறுவனத்தின் தொடர்நிலை இணைப்புச் சில்லுகளுள் ஒன்றின் எண்கள் 0403, 6001 ஆகும். அதன் போலிகளும் இதே எண்களைக் கூறி, அந்நிறுவனத்தின் இயக்கியையே பயன்படுத்தின. 2014 இல் விண்டோஸ் இற்றைப்படுத்தல் வழியாக வெளியான புதிய இயக்கி, போலிச் சில்லுகளின் சாதன எண்ணை 0000 என மாற்றி எழுதியது. மின்சுற்றில் பழுது ஏதுமின்றியே, பொருந்தும் இயக்கி இல்லாமல் அவை செயலிழந்தன. போலி என அறியாமல் வாங்கியோரும் பாதிக்கப்பட்டனர். கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து அவ்வியக்கி திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ் கருவின் அட்டவணையில் 0000 என்ற எண்ணும் சேர்க்கப்பட்டபின், அதே சில்லுகள் லினக்ஸில் மீண்டும் இயங்கின.