அடித்துச் சொன்னவர்கள்

2018 ஏப்ரல் 26 இரவு, அமெரிக்கக் கால்பந்து லீக்கின் வீரர் தேர்வான டிராஃப்ட். டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் உள்ள பெரிய மைதானத்தில், மேடைக்குப் பின்னால் ஒரு காத்திருப்பு அறை. மேசைக்கு ஒரு குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தொலைபேசி ஒலித்தால் ஏதோ ஓர் அணி கூப்பிடுகிறது என்று அர்த்தம். உடனே அந்த மேசைப் பையன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்வான், புது அணியின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடைக்கு நடப்பான். அந்த மேசை காலியாகும்.

அன்று மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. லமார் ஜாக்சன் மட்டும் தன் அம்மாவோடு உட்கார்ந்தே இருந்தார். வயது 21. கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 19 வயதிலேயே வென்றவர். பத்துப் பெயர்கள் படித்தாயிற்று, இருபது ஆயிற்று, முப்பதும் ஆயிற்று. பால்டிமோர் ரேவன்ஸ் அணி 25ஆவது இடத்தில் வேறொருவரை எடுத்துக்கொண்டது. பிறகு அதே ரேவன்ஸ், பிலடெல்பியா அணியோடு பேரம் பேசி அன்றிரவின் கடைசி வாய்ப்பான 32ஆவதை வாங்கி, ஜாக்சனை அழைத்தது. அடுத்த ஆண்டே லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு. வாக்களித்த 50 பேரும் அவர் பெயரையே எழுதியிருந்தார்கள்.

அப்படியானால் 31 முறை அவரைத் தாண்டிப் போனது ஏன்? அவர் ஆட்டத்தை யாரும் பார்க்காமல் இல்லை. மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் பேசினார்கள். "இவர் ஓடத் தெரிந்தவர், எறியத் தெரிந்தவர் அல்ல. குவார்ட்டர்பேக் வேலை இவருக்கு ஒத்துவராது. வைட் ரிசீவராக மாறட்டும்" என்பது அந்தப் பேச்சின் சாரம். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் ஆட்டத்தின் மூளை; ஒவ்வொரு நகர்விலும் பந்து அவர் கையில் இருந்துதான் புறப்படும். வைட் ரிசீவர், அவர் எறிவதை ஓடிப்போய்ப் பிடிப்பவர். மூளையாக இருந்து ஹைஸ்மன் வாங்கிய ஒருவரைப் பார்த்து, நீ பந்து பிடிக்கப் போ என்றார்கள். அதைத் தொலைக்காட்சியில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் பில் போலியன்.

போலியன் சாதாரண ஆள் அல்ல. அடுத்தடுத்து நான்கு ஆண்டுகள் சூப்பர் பௌல் இறுதிப் போட்டிக்குப் போன பஃபலோ பில்ஸ் அணியைக் கட்டியவர். 2015இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றவர். இந்த விளையாட்டில் வீரர்களை எடைபோடும் கண் ஒரு சிலருக்குத்தான் உண்டு என்றால், அவர்களில் அவர் ஒருவர். அதனால்தான் அவரை முன்னால் வைத்துப் பேசுகிறேன்.

டிராஃப்ட் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இது வேறு மாதிரி. இங்கே பணம் வைத்து யாரும் கூவுவதில்லை. போன ஆண்டு கடைசியில் வந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கும். வெற்றிக் கோப்பை வாங்கிய அணி அந்தச் சுற்றின் கடைசியில் எடுக்கும். 32 அணிகள், ஏழு சுற்றுகள், ஏறத்தாழ 250 பேர். எந்த அணிக்குப் போகிறோம் என்பதில் அந்த இளைஞருக்கு எந்த உரிமையும் இல்லை. பெர்ட் பெல் என்ற அணி முதலாளியின் யோசனையில் 1936இல் பிலடெல்பியாவின் ஓர் ஓட்டலில் தொடங்கியது. அன்று முதல் பெயராக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்தில் ஒருநாள்கூட ஆடவில்லை என்பது கூடுதல் செய்தி. இன்றைக்கு அது மூன்று நாள் திருவிழா. முதல் சுற்று தொடங்கும்போது நமக்கு வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்தரை மணி.

அந்த மூன்று நாளுக்கு முந்தைய மூன்று மாதம் முழுக்கக் கணிப்புதான். இவன் தேறுவான், இவன் தேறமாட்டான், இவனை எடுக்கிற அணி ஐந்து வருடம் அழும் என்று அடித்துச் சொல்வார்கள். துணிச்சலாகக் கருத்துச் சொல்வது எனக்குப் பிடிக்கும். வழவழ கொழகொழவென்று பேசுகிறவரைவிட, ஒரு பக்கம் நின்று பேசுகிறவர் மேல். ஆனால் இந்தக் கணிப்புகளில் அடிப்படையான ஒரு பிழை இருக்கிறது. பையனை மட்டும் பார்த்து, அவன் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்காமல் சொல்லப்படும் தீர்ப்பு அது. 1998ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு இரண்டு குவார்ட்டர்பேக்குகளைப் பற்றித்தான் நாடே பேசியது. டென்னசி பல்கலைக்கழகத்தின் பேட்டன் மேனிங், வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயன் லீஃப். லீஃபின் கை வலுவானது, வளர இடமிருக்கிறது என்றவர்கள் நிறையப் பேர். முதல் வாய்ப்பு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியிடம். அதன் பொது மேலாளர் வேறு யாருமில்லை, இதே பில் போலியன். அவர் மேனிங்கை எடுத்தார். லீஃப் இரண்டாவதாக சான் டியேகோ சார்ஜர்ஸ் அணிக்குப் போனார். பிறகு நடந்தது உலகறிந்தது: மேனிங் புகழ் மண்டபத்துக்குப் போனார், லீஃபின் ஆட்ட வாழ்க்கை 25 ஆட்டங்களோடு முடிந்தது.

கதையை இப்படிச் சொன்னால், போலியனின் கண் கூர்மையானது, அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். ஆனால் முதல் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். 1998இல் மேனிங் எறிந்த பந்துகளில் 28 எதிரணியின் கைக்குப் போயின. முதலாண்டு வீரர்களில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பந்துகளை யாரும் பறிகொடுத்ததில்லை. கோல்ட்ஸ் 16 ஆட்டங்களில் 13இல் தோற்றது. அந்த டிசம்பரில் தீர்ப்பு எழுதியிருந்தால் மேனிங்கும் தேறாதவர்தான். இண்டியானாபொலிஸ் கலையவில்லை. டாம் மூர் என்ற பயிற்சியாளர் மேனிங்கின் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாக வந்தவர், ஆண்டாண்டாக அவரோடே இருந்தார். அதே பாடம், அதே குரல், அதே சைகைகள். சான் டியேகோவிலோ, லீஃபின் முதல் சீசன் பாதிகூட ஆகவில்லை, தலைமைப் பயிற்சியாளரை மாற்றிவிட்டார்கள்.

லீஃபின் குணத்தில் குறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நிருபரைப் பார்த்துக் கத்தினார், பயிற்சியில் அலட்சியம் காட்டினார். பின்னாளில் மாத்திரைப் பழக்கத்துக்கு அடிமையாகிச் சிறைக்கும் போய்வந்தார். அதிலிருந்து மீண்டு, இன்று அந்தப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்காகப் பேசுகிறார். அந்த மீட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். நான் சொல்வது இதுதான். போலியனின் கணிப்பு சரியாக இருந்ததற்குப் பாதிக் காரணம், கணித்தவரே அதைச் சரியாக்கும் பொறுப்பையும் சுமந்ததுதான். 28 பந்துகள் பறிபோனபோது அவர் பதில் சொல்லவேண்டியிருந்தது, சொன்னார், பொறுத்தார். இருபது ஆண்டு கழித்துத் தொலைக்காட்சி நாற்காலியில் இருந்து ஜாக்சனைப் பற்றிப் பேசியபோது அந்தச் சுமை அவர் தோளில் இல்லை.

மறுபடி 2018க்கு வருவோம். இந்த வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள்: பேக்கர் மேஃபீல்ட் முதலிடம், சாம் டார்னல்ட் மூன்று, ஜாஷ் ஆலன் ஏழு, ஜாஷ் ரோசன் பத்து, ஜாக்சன் 32. ஐந்து பேரைப் பற்றியும் அடித்துச் சொன்னார்கள்.

ஆலனை வைத்து நடந்த சண்டைதான் பெரியது. கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்துப் பையன். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் சீண்டவில்லை. ஒரு சமுதாயக் கல்லூரியில் ஆடி, ஊர் ஊராகப் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, கடைசியில் வயோமிங்கில் இடம் பிடித்தார். கை பீரங்கி மாதிரி. ஆனால் எறிந்ததில் 56 சதவீதம்தான் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. "குறி தப்பாமல் எறிவது பிறவியில் வரவேண்டியது, சொல்லிக்கொடுத்து வராது" என்று புள்ளிவிவரக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். முதல் ஆண்டு பஃபலோவில் 52.8 சதவீதம், சொன்னது பலித்துவிட்டது போலத்தான் இருந்தது. இரண்டாம் ஆண்டு 58.8. மூன்றாம் ஆண்டு 69.2. இடையில் பஃபலோ தலைமைப் பயிற்சியாளரை மாற்றவில்லை, தாக்குதல் பயிற்சியாளரை மாற்றவில்லை. ஆலனின் கால் வைப்பையும் தோள் திருப்பத்தையும் பொறுமையாகத் திருத்தினார்கள். நல்ல ரிசீவர் ஒருவரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2024இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் அவர்.

ரோசனோ, ஐவரில் எறிதல் மிக அழகு, இன்றைக்கே களமிறங்கலாம் என்று பலர் சான்றிதழ் கொடுத்த ஆள். அவரை எடுத்த அரிசோனா 16இல் 13 தோற்றது. நடுவிலேயே தாக்குதல் பயிற்சியாளர் போனார். ஆண்டு முடிவில் தலைமைப் பயிற்சியாளரும் போனார். புதிதாக வந்தவர் அடுத்த டிராஃப்டிலேயே இன்னொரு குவார்ட்டர்பேக்கை முதலிடத்தில் எடுத்தார். ரோசனை மயாமிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அணி கலைந்து கிடந்தது. மொத்தம் 16 ஆட்டங்கள்தான் அவர் தொடக்க வீரராக ஆடியிருக்கிறார். பஃபலோ ரோசனையும் அரிசோனா ஆலனையும் எடுத்திருந்தால்? இந்தக் கேள்வி எனக்கு ஓயவே மாட்டேன் என்கிறது.

டார்னல்ட் அந்தக் கேள்விக்குப் பாதி விடை. நியூயார்க் ஜெட்ஸில் மூன்று ஆண்டு, இரண்டு தலைமைப் பயிற்சியாளர்கள், தோல்விமேல் தோல்வி. கரோலைனாவிலும் அதே கதை. ஓர் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் மாற்று வீரராக உட்கார்ந்து பார்த்தார். "முடிந்துபோன ஆள்" என்று முத்திரை குத்தியாயிற்று. 2024இல் மின்னசோட்டாவில், குவார்ட்டர்பேக்கை வளர்க்கத் தெரிந்த பயிற்சியாளர் கிடைத்தார். 17இல் 14 வெற்றி. பையன் அதே பையன்தான்.

டிராஃப்டுக்கு முன், பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிசில் நடக்கும் உடல்திறன் சோதனைகளைப் பற்றி நிறைய எழுதலாம். அரைக்கால் சட்டையோடு 40 கெஜ ஓட்டம், குதித்தல், எடை தூக்குதல், உள்ளங்கை அளவு, மருத்துவர்கள், நேர்காணல். டாம் பிரேடி 2000இல் அந்த 40 கெஜத்தை 5.28 நொடியில் ஓடினார். குவார்ட்டர்பேக் வேலைக்கு ரொம்ப மெதுவு. சாம்பல் நிற அரைக்கால் சட்டையில், தொளதொளவென்று நிற்கும் அவர் புகைப்படம் இன்றும் சுற்றுகிறது. ஆறாவது சுற்றில் 199ஆவது ஆளாக, ஆறு குவார்ட்டர்பேக்குகளுக்குப் பிறகு எடுத்தார்கள். ஏழு சூப்பர் பௌல் வென்றார். இதையெல்லாம் அளந்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அளக்க முடிந்ததை அளந்தார்கள்.

பொருளியல் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் இந்த டிராஃப்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு வீரர்களில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆட எவ்வளவு வாய்ப்பு? 52 சதவீதம். நாணயம் சுண்டினால் 50. கோடிக்கணக்கான டாலர் செலவு, நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள், எல்லாம் சேர்த்து வாங்கித் தந்தது அந்த இரண்டு சதவீதம்.

இதற்கெல்லாம் மேலே, ஜாக்சன் விஷயத்தில் பழைய காயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது அநியாயம். கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளிடம் "வேறு இடத்துக்கு மாறு" என்று சொல்வது அந்த நாட்டில் தலைமுறைப் பழக்கம். 1978இல் வாரன் மூன் கல்லூரி முடித்து வந்தபோது எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவில்லை. அவர் கனடாவுக்குப் போனார். எட்மண்டன் அணிக்காகத் தொடர்ந்து ஐந்து முறை அந்நாட்டுக் கோப்பையை வென்றார். 1984இல்தான் ஹியூஸ்டன் அவரைக் கூப்பிட்டது. 2006இல் புகழ் மண்டபத்தில் சேர்ந்தார். மூனுக்குப் போன அந்த ஆறு ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? 2018இல் பேசியவர்கள் ஒவ்வொருவரும் நிறத்தை மனதில் வைத்துப் பேசினார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டாவது பேசியிருக்கவேண்டும்.

2025இல் ஷெடூர் சாண்டர்ஸ் என்ற குவார்ட்டர்பேக் காத்திருந்தார். முதல் சுற்றிலேயே போவார் என்று பலர் கணித்தவர், 144ஆவதாக ஐந்தாம் சுற்றில் கிளீவ்லாந்துக்குப் போனார். இடையில் அவர் தொலைபேசி ஒலித்தது. ஓர் அணியின் மேலாளர் பேசுவதாக நடித்து, இன்னும் கொஞ்சம் காத்திருக்கவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். விளையாட்டுக்குச் செய்தார்களாம். லீக் விசாரித்து அபராதம் போட்டது. அந்த அழைப்பை எடுத்தபோது அந்த 23 வயது இளைஞரின் முகம் எப்படி மலர்ந்திருக்கும், வைத்தபோது எப்படி ஆகியிருக்கும்? இருபது வயதுப் பிள்ளைகளின் எதிர்காலத்தை மூன்று மாதம் வேடிக்கைப் பொருளாக்கிப் பேசினால், கடைசியில் இதுவும் வேடிக்கையாகத்தான் தோன்றும்.

அதனால் அடுத்த ஏப்ரலில் யாராவது ஒரு பையனைப் பற்றி அடித்துச் சொன்னால், இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்த அணிக்குப் போனால்? அங்கே யார், எத்தனை வருடம் கூட இருப்பார்கள்? பதில் இல்லையென்றால் அந்தக் கணிப்பைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

போலியனைப் பற்றி ஒரு செய்தி பாக்கியிருக்கிறது. 2019 நவம்பரில், ஜாக்சன் குவார்ட்டர்பேக்காக லீக்கையே கலக்கிக்கொண்டிருந்தபோது, ஜாக்சனைப் பற்றித் தான் சொன்னது தவறு என்று அவர் பத்திரிகையிடம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 76.