பெருவிரல் ரேகையும் தடுப்பூசியும்

கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பழங்குடி மக்களும் ஏழை ஜனங்களும் மறுக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தவுடனே, அதற்கு அவர்களுடைய அறியாமைதான் காரணம் என்று படித்தவர்கள் சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்புக்குத் தலையசைக்கும் முன், 2009-ஆம் வருஷம் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் ஜில்லாவில் நடந்ததைச் சற்று விசாரித்துப் பார்ப்பது நியாயம்.

அந்த ஜில்லாவில் அப்போது இருந்த பத்ராசலத்து ராமர் கோயிலைத் தரிசித்துத் திரும்பும் நம்மவர்களில் பலருக்கு, அந்தக் கோதாவரிக் கரையை அடுத்த காடுகளில் கோயர்கள் என்னும் பழங்குடியினர் வாழ்வதும், அவர்களுடைய பெண்கள் பெற்றோரைப் பிரிந்து அரசாங்க விடுதிகளில் தங்கிப் படிப்பதும் தெரிந்திருக்க நியாயமில்லை. 'பாத்' என்னும் அமெரிக்க ஸ்தாபனமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசும் கூடி, 10 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 14,000 சிறுமிகளுக்கு அந்த ஜில்லாவில் தடுப்பூசி போட முனைந்தன. குஜராத்தின் வதோதரா ஜில்லாவிலும் இதே போன்ற முயற்சி நடந்தது. இது ஆராய்ச்சித் திட்டம் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. அரசாங்கம் வழக்கமாகப் போடும் ஊசிகளில் ஒன்று என்றே எண்ணியிருந்தார்கள். பிற்பாடு பாராளுமன்ற நிலைக்குழு சம்மதப் படிவங்களை ஆராய்ந்தபோது, ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 1,948 படிவங்களில் வெறும் பெருவிரல் ரேகையும், 2,763 படிவங்களில் விடுதி வார்டனின் கையெழுத்தும் இருக்கக் கண்டது. சோறு போட்டுப் படிக்க வைக்கும் வார்டன், பெண்ணின் உடம்பைப் பற்றித் தீர்மானிக்கும் தகப்பனாகிவிட முடியுமா?

இதற்கிடையில் இரு மாநிலங்களிலுமாக ஏழு சிறுமிகள் இறந்துபோனார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து என்று காரணங்கள் வெவ்வேறாக இருந்தன. ஊசியால் நேர்ந்த மரணங்கள் இவை என்று விசாரணையில் நிரூபணமாகவில்லை. ஆயினும் 2010 ஏப்ரலில் திட்டம் நின்றுபோயிற்று. ஊசி போடுமுன் தம்மை ஒரு வார்த்தை கேளாதவர்கள், பெண் இறந்தபின் 'ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? விஞ்ஞானம் அங்கே தோற்கவில்லை. மரியாதை தவறியது, அவ்வளவுதான். அந்தச் சந்தேகத்தைப் போக்குவது எளிதல்ல.

இதில் பெரிய துயரம் என்னவென்றால், இந்த ஊசி மிகவும் தேவைப்படுவதும் இப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்களுக்கே. இந்தியாவில் வருஷத்துக்கு 1,20,000-க்கு மேற்பட்ட பெண்களைப் பீடித்து, 75,000-க்கு மேற்பட்டவர்களைக் கொல்லும் இந்நோய், இளவயதிலேயே கல்யாணமாகி, பரிசோதனைக்கு வழியின்றி, இரத்தப்போக்கை யாரிடமும் சொல்லக் கூசி, முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறவளையே அதிகமாகப் பலிகொள்கிறது. நோய்க்குக் காரணமான வைரஸ் உடலுறவால் பரவுவது என்று கேட்டதும், 'கல்யாணமாகாத சின்னப் பெண்ணுக்கு இது எதற்கு?' என்று தாய்மார் முகம் சுளிக்கிறார்கள். தொற்று அண்டுமுன் போட்டால்தான் முழுப் பிரயோஜனம் என்பதை நிதானமாக எடுத்துச் சொன்னால், அந்தச் சுளிப்பு தணிவதற்கு இடமுண்டு. பிள்ளைப்பேறு கெடும் என்னும் வதந்திக்கோ ஆதாரமே இல்லை.

லெப்சாக்களும் பூட்டியாக்களும் நேபாளிகளும் கலந்து வாழும் சிக்கிமில், 2018-இல், ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, 9 முதல் 13 வயதுச் சிறுமிகளுக்குப் பள்ளிகளிலேயே ஊசி போட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் போட்டுக்கொண்டார்கள். இனம் தானாகவே தடையாவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

ஆகவே, பள்ளியிலிருந்து படிவம் வந்தால், அது தமக்குப் புரியும் பாஷையில் இருக்கவேண்டும் என்று கேட்பதும், படிக்கத் தெரியாவிடில் வாசித்துச் சொல்லச் சொல்வதும், யோசித்துப் பதில் சொல்ல அவகாசம் கேட்பதும் பெற்றோரின் உரிமை. இது வழக்கமான தடுப்பூசியா, ஆராய்ச்சியா என்று கட்டாயம் கேட்கவேண்டும். மருந்துப் பரிசோதனையானால், அதனால் நேரும் கெடுதலுக்கு இலவச வைத்தியமும் நஷ்டஈடும் 2019-ஆம் வருஷத்து விதிகளில் உண்டு. வழக்கமான ஊசியானாலும், போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைக்கவேண்டும். கைவலியும் லேசான காய்ச்சலும் சகஜம், சில சிறுமிகளுக்கு மயக்கமும் வரும். அதற்குமேல் எது நேர்ந்தாலும் கிராம நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி, எழுத்தில் பதிவு செய்யச் சொல்லவேண்டும். அவற்றை ஆராய ஜில்லாதோறும் குழு உண்டு.

ஊசி போட்டுக்கொண்டவளுக்கும் வயது வந்தபின் புற்றுநோய்ப் பரிசோதனை தேவைதான். எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை. மகளுக்காகப் படிவத்தில் கையெழுத்திடும் தாய் முப்பதைக் கடந்தவளாயிருந்தால், அதே நர்ஸிடம், 'எனக்கு எப்போது பரிசோதனை?' என்றும் கேட்டு வைக்கலாம்.