அபராதம் 70 ரூபாயா, 200 ரூபாயா?



சமீபத்தில் ஒரு தொகுப்புக் கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில் உறுப்பினர் ஒருவர் கடன் காகிதத்தோடு எங்களிடம் வந்தார். கறவை மாட்டுக்காக வெளியே ஒரு நிறுவனத்தில் வாங்கிய கடன். மாதத் தவணை 3,500 ரூபாய். அந்த மாதம் கட்டத் தாமதமாகிவிட்டது. காகிதத்தில் அபராதம் 2 சதவீதம் என்று இருக்கிறதே, கணக்குப் போட்டால் 70 ரூபாய்தானே என்று 3,570 ரூபாயோடு போயிருக்கிறார். அங்கே 3,700 கேட்டார்களாம். பணம் பத்தாமல் மறுபடி பஸ் ஏறி ஊருக்கு வந்து, பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக்கொண்டு திரும்பப் போயிருக்கிறார். ஒரு நாள் கூலி போச்சு.

"நமக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஏமாத்துறாங்க மேடம்" என்றார். காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். ஏமாற்று இல்லை. 2 சதவீதம் அல்லது 200 ரூபாய், 'விச்சவர் இஸ் ஹையர்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும் என்று அர்த்தம். அவருக்கு இங்கிலீஷில் 'ஹை' தெரியும். 'ஹையர்' தெரியவில்லை. அதனால் இந்த மாதம் இதைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தோம்.

தமிழில் இரண்டு பொருளை ஒப்பிட என்ன செய்கிறோம்? "ஆட்டை விட மாடு பெரியது" என்கிறோம். நிறைய மாடுகளில் ஒன்றைச் சொல்ல "இந்தச் சந்தையிலேயே பெரிய மாடு" என்கிறோம். 'பெரிய' என்ற சொல் மாறவே இல்லை பாருங்கள். 'விட', 'இலேயே' என்ற இரண்டும்தான் வேலை செய்கின்றன. இங்கிலீஷில் அப்படி இல்லை. அந்தச் சொல்லுக்கே வால் முளைக்கும். இரண்டை ஒப்பிட்டால் ஈ.ஆர் என்ற வால். மூன்றோ அதற்கு மேலோ இருந்து அதில் ஒன்றைச் சொன்னால் ஈ.எஸ்.டி என்ற வால். ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட். சீப், சீப்பர், சீப்பஸ்ட். ஹை, ஹையர், ஹையஸ்ட். லோ, லோயர், லோயஸ்ட்.

நம்ம 'விட' வரும் இடத்தில் அவர்களுக்கு 'தேன்' வரும். (குடிக்கிற தேன் இல்லை!) ஆனால் இடம் மாறும். நாம் "ஆட்டை விட" என்று முதலில் சொல்கிறோம். அவர்கள் "ஏ கௌ இஸ் பிக்கர் தேன் ஏ கோட்" என்று கடைசியில் சொல்வார்கள். ஈ.எஸ்.டி வரும்போது முன்னால் பெரும்பாலும் 'த' சேரும். "த பிக்கஸ்ட் கௌ."

சொல் நீளமாக இருந்தால் வால் ஒட்டாது. விலை அதிகமானதை 'எக்ஸ்பென்சிவ்' என்பார்கள். அதற்கு முன்னால் மோர், மோஸ்ட் போட வேண்டும். மோர் எக்ஸ்பென்சிவ், மோஸ்ட் எக்ஸ்பென்சிவ். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் 'மோர் பிக்கர்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். அது தப்பு. ஒன்று போதும். எழுத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். 'பிக்' என்பதில் ஒரு ஜி, 'பிக்கர்' என்பதில் இரண்டு ஜி. 'ஈஸி' கடைசியில் இருக்கும் ஒய், 'ஈஸியர்' ஆகும்போது ஐ ஆகிவிடும்.

எந்த விதிக்கும் அடங்காத சில சொற்கள் உண்டு. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். குட், பெட்டர், பெஸ்ட். பேட், வர்ஸ், வர்ஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். மச் என்றாலும் மெனி என்றாலும் மோர், மோஸ்ட். இதில் பாதி ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. "இப்ப உடம்பு பெட்டரா இருக்கு" என்கிறோம். ஜவுளிக் கடையில் "கொஞ்சம் லெஸ் பண்ணுங்க" என்கிறோம்.

சரி, காகிதத்துக்கு வருவோம். 'விச்சவர் இஸ் லோயர்' அல்லது 'விச்சவர் இஸ் லெஸ்' என்றால் எது குறைவோ அது. மானியத் திட்டங்களில் இப்படி வருவதுண்டு. உதாரணத்துக்கு, செலவில் 25 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், விச்சவர் இஸ் லெஸ் என்று இருக்கிறது. 1 லட்ச ரூபாயில் மாவு மில் போட்டால் 25 சதவீதம் 25,000 வரும். ஆனால் கிடைப்பது 20,000தான். அதே மில்லை 60,000 ரூபாயில் போட்டால் 15,000 கிடைக்கும். 25,000 வரும் என்று நம்பி மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் மிச்சம் 5,000க்கு எங்கே போவது? நாங்கள் பார்த்த காகிதங்களில் நம்மிடம் வாங்கும் இடத்தில் பெரும்பாலும் ஹையர், நமக்குக் கொடுக்கும் இடத்தில் லோயர். அது அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

வாரண்டி கார்டில் 'விச்சவர் இஸ் எர்லியர்' வரும். எது முந்தி வருகிறதோ அது. சரக்கு ஏற்றும் ஆட்டோவுக்கு 1 வருடம் அல்லது 12,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், 8 மாதத்திலேயே 12,000 ஓடிவிட்டால் அன்றோடு வாரண்டி முடிந்தது. வருடம் முடியவில்லையே என்று வாதாட முடியாது.

அதிகமாகக் குழப்புவது 'நாட் லெஸ் தேன்'. நாட் என்றால் இல்லை, லெஸ் என்றால் குறைவு. சேர்த்துப் படித்தால் 'குறையக் கூடாது'. நம்ம குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நாட் லெஸ் தேன் 10' என்றால் பத்துப் பேருக்குக் குறையக் கூடாது. 'நாட் மோர் தேன் 20' என்றால் இருபதுக்கு மேல் போகக் கூடாது. 'அட் லீஸ்ட் 10' என்றாலும் குறைந்தது பத்து என்றுதான் பொருள்.

மசாலாப் பொடி போடும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' என்று அச்சடிக்கிறோமே, அந்த பெஸ்ட்டும் இதே குடும்பம்தான். அந்தத் தேதி வரை மணமும் ருசியும் மிக நன்றாக இருக்கும் என்று சொல்வது அது. 'யூஸ் பை' வேறு. அந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடவே கூடாது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து லேபிள் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 'ஹயர் பர்ச்சேஸ்' என்று வண்டிக் கடனில் வருகிற ஹயருக்கும் இந்த ஹையருக்கும் சம்பந்தம் இல்லை. காதுக்கு ஒரே மாதிரி கேட்டாலும் எழுத்து வேறு. அது வாடகை.

அடுத்த தொகுப்புக் கூட்டத்துக்கு வரும்போது டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கடன் காகிதம், வாரண்டி கார்டு, இன்சூரன்ஸ் பத்திரம் எதையாவது எடுத்து வாருங்கள். ஈ.ஆர், ஈ.எஸ்.டி எங்கெல்லாம் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் படிப்போம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் கூட்டி வாருங்கள், நமக்கு வாசித்துக் காட்டட்டும்.