பில் போடும் கம்ப்யூட்டர் திணறுகிறதா?

சென்ற மாதம் 10-ஆம் தேதி மாலை, டோல்கேட்டில் நம் மொத்தக் கடையின் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. மாதக் கணக்கு தரும் நமக்கு ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய மறுநாளே கடைசி. வாசலில் சரக்கேற்றிய வண்டியும் பில்லுக்காகக் காத்திருந்தது. புது இயந்திரம்தான் வாங்க வேண்டும் என்று நினைத்தோம்.

குறை இயந்திரத்தில் இல்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'சிபியு' என்ற தலைப்பை அழுத்தினால், பிராசசரை அதிகம் பிடித்திருக்கும் புரோகிராம் மேலே வரும். நம்முடையதில் வைரஸ் சோதனையும், மூடாமல் விட்ட பிரவுசரும் சேர்ந்து 100 சதவீதத்தைப் பிடித்திருந்தன. ஒரே லோடுமேனை நான்கு வண்டிச் சரக்கை ஒன்றாக இறக்கச் சொன்ன கதைதான்!

தேவையற்ற பிரவுசரை 'என்ட் டாஸ்க்' கொடுத்து நிறுத்தினோம். பில் புரோகிராமை மட்டும் அப்படி நிறுத்தாதீர்கள். சேமிக்காத கணக்கு போய்விடும். பெயர் தெரியாததை விவரம் அறிந்தவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். தானே தொடங்கும் வேண்டாத புரோகிராம்களை 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தடுக்கலாம். வைரஸ் சோதனையைக் கைவிடாமல், வியாபாரம் இல்லாத நேரத்துக்கு மாற்றுங்கள். தாக்கலையும் கடைசி நாள்வரை தள்ளாதீர்கள்.