இணைப்பு அறுந்தால் யார் தலைமை?

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு விழுப்புரம் மாவட்டத்தில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, ரயில்கள் நிறுத்தப்பட்டன. திண்டிவனம் நிலையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, விழுப்புரம் நிலையத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடுவில் வழிதான் இல்லை.

கணினி உலகிலும் இது நடக்கும். இரண்டு சர்வர்களும் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றோடு ஒன்று பேச முடியாது. மறுமுனை செத்துவிட்டதா, வழி அடைபட்டிருக்கிறதா என்பதை இந்த முனையில் இருந்துகொண்டு அறியவே முடியாது. இணையத் தளங்களின் தேடல் வசதி இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறது?

அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். யோனிக் சீலி 2004-ல் சிநெட் நிறுவனத்துக்காக எழுதியது. 2006-ல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வந்தது. அதன் பழைய ஏற்பாடு எளிது. புதிய ஆவணங்கள் எல்லாம் மாஸ்டர் சர்வரில் சேரும். ஸ்லேவ் சர்வர்கள் குறித்த இடைவெளியில் ‘புதிதாக ஏதும் உண்டா’ என்று கேட்டு, மாறிய கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளும். இடைவெளி 60 விநாடி என்றால், சற்று முன் ஏற்றிய செய்தி வாசகர் தேடலில் அகப்பட ஒரு நிமிடம் வரை ஆகலாம்.

அது பெரிய குறை இல்லை. மாஸ்டர் விழுந்தால்தான் ஆபத்து. தேடல் தொடரும், புதிதாக எதையும் சேர்க்க முடியாது. யாராவது வந்து ஒரு ஸ்லேவை மாஸ்டராக்க வேண்டும். பழைய மாஸ்டர் உண்மையில் சாகவில்லை, இணைப்புதான் அறுந்திருந்தது என்றால், இரண்டு மாஸ்டர்கள் இரண்டு விதமான கணக்கை எழுதத் தொடங்கிவிடும். இணைப்பு திரும்பியதும் எதை நம்புவது?

2012-ல் வந்த சோலர் 4.0, ‘சோலர்கிளவுட்’ என்ற கூட்டமைப்பைக் கொண்டுவந்தது. இதில் நிலையான மாஸ்டர் கிடையாது. தேடல் பட்டியலான இன்டெக்ஸ், ‘ஷார்டு’ எனும் பல துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு ஷார்டின் நகல்களும் வெவ்வேறு சர்வர்களில் இருக்கும். ஒவ்வொரு ஆவணத்தின் அடையாள எண்ணையும் ஒரு கணிதச் சூத்திரம் சுமார் 429 கோடி மதிப்புகளில் ஒன்றாக மாற்றும். அந்த மதிப்பு எந்த ஷார்டின் எல்லைக்குள் வருகிறதோ, ஆவணம் அங்கே போகும்.

இத்தகைய பங்கீடு நமக்குப் பழக்கமானதுதான். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று தனித்தனியே இயங்கிய ரயில் முன்பதிவு மையங்களை 1999 ஏப்ரலில் ‘கான்சர்ட்’ மென்பொருள் இணைத்தது. இருக்கைக் கணக்கு அந்தந்த மையத்திலேயே இருந்தது. விழுப்புரம் கவுன்டரில் தில்லிக் கணக்கில் உள்ள ரயிலைக் கேட்டால், கேள்வி தில்லிக் கணினிக்குப் போகும்.

சோலர்கிளவுட்டில் யார் தலைமை என்ற சிக்கலைத் தீர்ப்பது சூகீப்பர் என்ற தனி சர்வர் குழு. எந்த சர்வர் உயிரோடு இருக்கிறது, எந்த ஷார்டுக்கு எந்த நகல் தலைமை என்ற பதிவேடு அதனிடம். ஒரு தலைமை விழுந்தால் சில விநாடிகளில் இன்னொன்று பொறுப்பேற்கும். சூகீப்பர் எதையும் பெரும்பான்மையோடுதான் முடிவு செய்யும். மூன்று சூகீப்பர்களில் ஒன்றை இழக்கலாம், ஐந்தில் இரண்டை இழக்கலாம். இணைப்பு அறுந்து குழு இரண்டாகப் பிரிந்தால், பெரும்பான்மை ஒரு பக்கம்தான் இருக்க முடியும். சிறுபான்மைப் பக்கம் எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். பிழையாக எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல் என்பதே இந்த ஏற்பாட்டின் கொள்கை. ஒற்றைப்படை எண்ணை விரும்புவதும் இதனால்தான்: மூன்றை நான்காக்கினாலும், இழக்கக்கூடியது ஒன்றுதான்.

பழைய முறையிலிருந்து மாறுகிறவர்கள் புதிய கூட்டமைப்பைப் பக்கத்திலேயே அமைத்து, மூலத் தரவிலிருந்து மறுபடி இன்டெக்ஸ் செய்து, சில நாள் இரண்டுக்கும் சேர்த்தே எழுதி, ஒரே கேள்விக்கு இரண்டும் தரும் பதில்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது ஒரு வியப்பு காத்திருக்கும்: தரவு அதேதான், பதில்களின் வரிசை மட்டும் மாறியிருக்கும். அரிய சொல்லுக்குச் சோலர் அதிக மதிப்பெண் தரும். ‘திண்டிவனம்’ என்ற சொல் ஒரு ஷார்டில் மலிந்தும் இன்னொன்றில் அரிதாகவும் இருந்தால், ஒரே தரமுள்ள இரு ஆவணங்கள் வேறு வேறு மதிப்பெண் வாங்கும். எல்லா ஷார்டுகளின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் அமைப்பு உண்டு. அதற்கு நேரம் கூடுதலாகச் செலவாகும்.

ஒரே சர்வருக்குள் அடங்கும் இன்டெக்ஸுக்கும், ஒரு மணி நேரம் எழுதாமல் தாங்கும் தளத்துக்கும் பழைய முறையே போதும்; சோலர் அதை இன்னும் கைவிடவில்லை. கூட்டமைப்புக்குப் போகிறவர்கள், மூன்று சூகீப்பர்களையும் ஒரே கட்டடத்தில், ஒரே மின் இணைப்பில் வைக்காதீர்கள். அந்த இணைப்பு போனால் பெரும்பான்மையும் போய்விடும்.